நகைக்கும் கடைக்கும் துப்பாக்கி காவலாகுமா?

2023 பிப்ரவரியில் பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையில் உள்ள ஒரு நகைக்கடையின் ஷட்டரை இரவோடு இரவாக கேஸ் கட்டரால் அறுத்து, சுமார் 9 கிலோ தங்க நகைகளை ஒரு கும்பல் அள்ளிச் சென்றது. கேமரா பதிவுகள் இருந்த பெட்டியையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் தங்கசாலைத் தெருவிலிருந்து தண்டையார்பேட்டை வரை அடகுக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: முறைப்படி லைசென்ஸ் வாங்கி ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டால் என்ன? பல ஆண்டு உழைப்பு ஒரே இரவில் போய்விடுமோ என்ற பயத்தில் பிறக்கும் கேள்வி இது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆனாலும் என் பதில், வட சென்னையைப் பொறுத்தவரை, வேண்டாம் என்பதுதான். துப்பாக்கி என்பதே தீது என்ற கொள்கையிலிருந்து இதைச் சொல்லவில்லை. உடைமைக்காகச் சுடுகிறவனோடு சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும், நம் தெருக்களில் ஒரு குண்டு எங்கே போய் நிற்கும், அதன்பின் சுட்டவரின் குடும்பம் எதைச் சுமக்கும் என்று பொறுமையாகக் கணக்குப் போட்டால், எந்த நகையின் விலையும் அந்தக் கணக்கை ஈடுகட்டவில்லை.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். இந்த விஷயத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் ஊரில் உலவுகின்றன. திருடனைத் தொட்டாலே நம் மீதுதான் வழக்கு வரும் என்பது ஒன்று. நம் வீட்டுக்குள் வந்தவனை என்ன செய்தாலும் கேள்வி இல்லை என்பது மற்றொன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தற்காப்பு உரிமையை வரையறுக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள்தான் பெரும்பாலும் அப்படியே இங்கே வந்திருக்கின்றன. தன் உடலை மட்டுமல்லாமல் தன் உடைமையையும், பிறர் உடைமையையும்கூட, திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று 35-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

அதற்கும் மேலே போய், உடைமையைக் காக்கும்போது எதிராளிக்கு மரணமே நேர்ந்தாலும் குற்றமாகாத சூழ்நிலைகளை 41-வது பிரிவு குறிப்பிடுகிறது. கொள்ளை, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரையிலான நேரத்தில் பூட்டையோ சுவரையோ உடைத்து உள்ளே புகுதல், மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல் அல்லது வெடிபொருளால் சேதம் செய்தல், உயிருக்கோ உறுப்புக்கோ கொடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க வகையில் நடக்கும் திருட்டு, சேதம், வீட்டு அத்துமீறல் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. பொருள் வைத்திருக்கும் இடம் என்பதில் கடையும் கிடங்கும் அடங்கும். ஆகவே, வண்ணாரப்பேட்டையில் நள்ளிரவில் ஒருவருடைய ஜவுளிக் கிடங்கின் பூட்டை உடைத்து உள்ளே வருகிறவனை எதிர்க்கும்போது சட்டம் அவரைக் கைவிட்டுவிடவில்லை.

துப்பாக்கி வேண்டும் என்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த உரிமை முழுவதும் 37-வது பிரிவு விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டது என்று அதே 41-வது பிரிவின் முதல் வரியே சொல்கிறது. காவல்துறையின் உதவியைப் பெறுவதற்கு நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே எழுவதில்லை. காத்துக்கொள்ள எவ்வளவு தீங்கு தேவையோ, அதற்கு மேல் ஒரு துளியும் செய்யக்கூடாது. எவர் மேலும் பாயாத, ஆயுதம் ஏந்தாத சாதாரணத் திருட்டு என்றால், 42-வது பிரிவின்படி மரணம் தவிர்த்த பிற தீங்கை விளைவிக்கும் அளவுக்கே உரிமை உண்டு. பாரிமுனையில் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுபவன், ராயபுரத்தில் வாசலில் நிறுத்திய பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறவன், மணலியில் லாரி நிறுத்துமிடத்தில் டீசலை உறிஞ்சுகிறவன் எல்லாரும் இந்த வகைதான். காலுக்குக் குறிவைத்தேன் என்று சொல்வது எளிது. பதற்றத்தில், இருட்டில், ஓடுகிற ஆளின் காலில் மட்டும் படும்படி சுடுவது பயிற்சி பெற்றவர்களுக்கே கைவராத காரியம். தொடையின் பெரிய ரத்தக்குழாயில் பட்டால், காலில் பட்ட குண்டும் சில நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோய்விடும்.

அடுத்தது, உரிமை எந்த நொடியில் முடிகிறது என்பது. கொள்ளையில், உயிர்ப்பயமோ காயப்பயமோ தடுத்துவைப்போ நீடிக்கும்வரைதான் கொள்ளையை எதிர்க்கும் உரிமை நீடிக்கும் என்கிறது 43-வது பிரிவு. இரவில் உடைத்துப் புகுந்தவனைப் பொறுத்தவரை, அவன் உள்ளே இருக்கும் அத்துமீறல் தொடரும்வரைதான். ஜெய்தேவ் என்பவர் பஞ்சாப் அரசுக்கு எதிராகத் தொடுத்த மேல்முறையீட்டில், 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நிலத் தகராறில் தாக்க வந்தவர்கள் சிதறி ஓடத் தொடங்கிய பின்னும் சுட்டதைத் தற்காப்பாக ஏற்க முடியாது, அச்சத்துக்கான காரணம் மறைந்த அக்கணமே உரிமையும் மறைந்துவிடுகிறது என்று அது தீர்ப்பளித்தது. தற்காப்பில் இறங்கியவரின் செயலைப் பொன் எடைபோடும் தராசில் நிறுக்கக்கூடாது என்று பரிவோடு சொன்னதும் அதே தீர்ப்புதான். நம் பகுதியில் நகைப் பறிப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பைக்கில் இருவர் வருகிறார்கள், சங்கிலியை இழுக்கிறார்கள், கண் இமைப்பதற்குள் போய்விடுகிறார்கள். பறிகொடுத்தவர் சுதாரித்துத் திரும்பும் நேரத்தில் உயிர்ப்பயம் முடிந்துவிட்டது, ஓட்டம் தொடங்கிவிட்டது. துப்பாக்கி கைக்கு வரும்போது சட்டம் கையைவிட்டுப் போயிருக்கும்.

எல்லை மீறினால் என்ன ஆகும்? நல்லெண்ணத்தோடு தற்காப்பில் இறங்கி அளவை மீறியவருக்கு அது கொலையாகக் கருதப்படாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கப்படலாம். அந்தக் குறைந்த குற்றத்துக்கே, மரணம் விளைவிக்கும் நோக்கம் இருந்திருந்தால், 105-வது பிரிவின் கீழ் ஐந்து முதல் பத்து ஆண்டு வரையிலான சிறையோ ஆயுள் சிறையோ, கூடவே அபராதமும் உண்டு. தற்காப்புக்காகவே சுட்டேன் என்பதை நிறுவும் பொறுப்பு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-வது பிரிவின்படி சுட்டவருடையது. சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவத் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பது ஆறுதல். அந்த ஆறுதல் வந்து சேர எவ்வளவு காலமாகும் என்பதற்கு தர்ஷன் சிங் வழக்கு சாட்சி. பஞ்சாபில் 1991-ல் வயல் தகராறில், தன்னை வெட்ட வந்தவரை உரிமம் பெற்ற துப்பாக்கியால் அவர் சுட்டார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, 2010-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. தற்காப்பு உரிமை பற்றி இன்றும் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. அவர் பக்கம் நியாயம் இருந்தது, உயிருக்கு நேரடி ஆபத்தும் இருந்தது. அப்படியிருந்தும் 19 ஆண்டுகள் ஆயின. நகைக்காகச் சுட்டவரின் நிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது நாடு முழுவதற்கும் பொருந்தும். வட சென்னைக்கென்று தனியாக ஒன்று உண்டு. என் பார்வையில் அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,500-க்கும் மேற்பட்டவர்கள் வசித்தார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையின் உள் தெருக்களில் நடந்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் தெரியும். ஒரே கூடத்தைச் சுற்றி ஆறேழு ஒண்டுக் குடித்தனங்கள் இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையே ஒற்றைச் செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கதவு பிளைவுட். கோடையில் பாதித் தெரு மொட்டைமாடியில் படுத்திருக்கும். மீதிப் பேர் வாசலில் கட்டிலைப் போட்டிருப்பார்கள். காசிமேட்டில் நள்ளிரவு இரண்டு மணிக்கு வலை தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். .32 ரிவால்வரின் குண்டு பிளைவுட்டையும் ஆஸ்பெஸ்டாஸையும் துளைத்துக்கொண்டு போகும். டபுள் பேரல் துப்பாக்கியின் தோட்டாவோ சிறுசிறு ரவைகளாகச் சிதறிப் பறக்கும். நம் சந்துகளில் திருடனுக்குப் பின்னால் எப்போதும் வேறொருவர் இருக்கிறார்.

இந்த ஆபத்தைச் சட்டம் முன்பே யோசித்து வைத்திருக்கிறது. தற்காப்பின்போது நிரபராதி ஒருவருக்குக் காயம் நேரும் ஆபத்தை ஏற்றுக்கொண்டே செயல்படலாம் என்று 44-வது பிரிவு அனுமதிக்கிறது. மரணம் நேரும் என்று நியாயமாக அஞ்சவைக்கும் தாக்குதலை எதிர்க்கும்போது மட்டுமே அந்த அனுமதி. உடைமையைக் காப்பதற்கு அந்த வாசல் திறக்கப்படவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பட்டாலும் பரவாயில்லை என்று நகைப் பெட்டிக்காக எடுக்கும் முடிவைச் சட்டம் எந்த வகையிலும் ஏற்காது. நானும் ஏற்கமாட்டேன்.

உடைமைக்காகத் தூக்கிய துப்பாக்கி எதில் போய் முடியும் என்பதற்கு இந்த ஊர் மறக்கக்கூடாத ஒரு சாவு இருக்கிறது. 2011 ஜூலையில், கோட்டைக்கும் தீவுத்திடலுக்கும் அருகே உள்ள ராணுவ அதிகாரிகள் குடியிருப்பில், பக்கத்துக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் நண்பர்களோடு சுவரேறிக் குதித்தான். அவர்கள் போனது பாதாங்கொட்டை பொறுக்க. அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் சுட்டதில் தலையில் குண்டு பாய்ந்து சிறுவன் இறந்தான். 2012-ல் சென்னை நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அத்துமீறல் நடந்தது உண்மை. அதன் இழப்பு ஒரு கைப்பிடி பாதாங்கொட்டை. துப்பாக்கியைக் கையாள வாழ்நாள் முழுவதும் பயின்ற ஒருவராலேயே இழப்புக்கும் பதிலடிக்கும் உள்ள இடைவெளியை அந்த ஒரு நொடியில் அளக்க முடியவில்லை என்பதை, வீட்டில் ஒன்றை வாங்கி வைக்க நினைக்கும் கடைக்காரர்கள் தயவுசெய்து யோசிக்கவேண்டும். சுவரேறிக் குதிக்காத பிள்ளை வட சென்னையில் எந்தத் தெருவில் இருக்கிறது?

ஆள் இல்லாத இடத்தில் பொறி வைப்பதும் இதே வகைதான். வெளிப்புறக் கழிவறைக்குள் பக்கத்து வீட்டார் வருவதைத் தடுக்க மின்சாரம் பாயும் வெறும் கம்பியைக் கட்டிவைத்த ஒருவரின் வழக்கு பீகாரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கம்பியைத் தொட்ட ஒரு பெண் இறந்துபோனார். அத்துமீறி வந்தவர் என்பதாலேயே ஒருவர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே போய்விடுவதில்லை என்று கூறி, செருபின் கிரிகோரி வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. துப்பாக்கிக் கலாசாரம் வேரூன்றிய அமெரிக்காவிலும் இந்த எல்லை உண்டு. அயோவா மாநிலத்தில், ஆள் குடியிராத பண்ணை வீட்டின் அறைக்கதவில் தானாகச் சுடும்படி ஒரு துப்பாக்கியைப் பொருத்தியிருந்தார்கள் அதன் உரிமையாளர்கள். பழைய பாட்டில்களையும் ஜாடிகளையும் எடுக்க உள்ளே நுழைந்தவரின் கால் சிதைந்தது. மனித உயிருக்கும் உறுப்புக்கும் உள்ள மதிப்பு உடைமையின் மதிப்பைவிட உயர்ந்தது என்று 1971-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொல்லி, 30,000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. அதைக் கட்டுவதற்காக அந்தத் தம்பதியர் தங்கள் 120 ஏக்கர் நிலத்தில் 80 ஏக்கரை விற்கவேண்டி வந்தது. பழைய ஜாடிகளைக் காப்பாற்றப் போய் நிலத்தை இழந்தார்கள்.

அமெரிக்காவில் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரவில் நடக்கும் திருட்டைத் தடுக்க, சில நிபந்தனைகளோடு, உயிர்போகும் பலத்தையே பயன்படுத்தலாம் என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. அங்கே அப்படி இருக்கிறதே என்று நம்மவர்கள் காட்டும் உதாரணம் பெரும்பாலும் அதுதான். ஆனால் அந்த நாட்டின் கணக்குகளே துப்பாக்கி உடைமையைக் காக்கிறது என்று உறுதியாகச் சொல்லவில்லை. 2007 முதல் 2011 வரையிலான தேசியக் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், குற்றவாளியை நேருக்கு நேர் சந்தித்தவர்களில் தற்காப்புக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்கள் 0.9 சதவீதம்தான். அப்படிப் பயன்படுத்திய பின்னும் 38.5 சதவீத நிகழ்வுகளில் பொருள் பறிபோனது. துப்பாக்கி அல்லாத வேறு ஆயுதத்தால் எதிர்த்தவர்களில் அது 34.9 சதவீதம். எல்லார் கையிலும் துப்பாக்கி புழங்கும் நாட்டிலேயே தடிக்கும் துப்பாக்கிக்கும் வேறுபாடு இவ்வளவுதான்.

வீட்டுக்குள் இருக்கும் துப்பாக்கி யாரைச் சுடுகிறது என்பது இதைவிடக் கவலைக்குரிய கேள்வி. ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் மூன்று அமெரிக்க நகரங்களில் செய்து 1998-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வீட்டுத் துப்பாக்கி ஒருமுறை தற்காப்புக்காகச் சுடப்பட்டதற்கு ஈடாக, 4 முறை தவறுதலாக வெடித்தது, 7 முறை தாக்குதலிலோ கொலையிலோ பயன்பட்டது, 11 முறை தற்கொலை அல்லது தற்கொலை முயற்சியில் பயன்பட்டது. துப்பாக்கியைக் காட்டியே விரட்டிய நிகழ்வுகள் இந்தக் கணக்கில் வரவில்லை என்ற விமர்சனம் நியாயமானதுதான். அதைக் கழித்துப் பார்த்தாலும், திருடனுக்காக வாங்கியது கடன் நெருக்கடியிலும் சொத்துச் சண்டையிலும் குடிபோதையிலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற உண்மை மாறாது. 2020 நவம்பரில் சவுகார்பேட்டையில் ஒரு குடும்பத்தில் தாய், தந்தை, மகன் மூவரும் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நகை, பணம் நடமாடும் தெரு என்பதால் முதலில் எல்லாரும் கொள்ளை என்றே நினைத்தார்கள். விசாரணையில் அது குடும்பப் பிணக்கு என்று தெரியவந்தது. கைதானவர்கள் சம்பந்தி வீட்டார். பூட்டும் கிரில்லும் அந்நியரைத் தடுக்கும். உறவாக உள்ளே வருகிறவர்களை எதுவும் தடுப்பதில்லை, சண்டை முற்றும் நேரத்தில் அலமாரியில் ஒரு துப்பாக்கி இல்லாதிருப்பதைத் தவிர.

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இதை ஆள்கின்றன. 21 வயது நிறைந்திருக்கவேண்டும். காவல்துறையின் விசாரணை அறிக்கை வேண்டும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் வேண்டும். மாநகரத்தில் உரிமம் வழங்குபவர் காவல் ஆணையர். எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆவடி ஆணையரகம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, உரிமம் ஐந்தாண்டு செல்லும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. யாரோ கள்ளச் சந்தையில் வாங்கித் தருகிறேன் என்றால், அந்த ஆளிடமிருந்தே முதலில் விலகிவிடவேண்டும்.

உரிமம் பெற்றவருக்கும் ஒரு சிக்கல் தீரவே தீராது. துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டி வைக்கவேண்டும். அப்படிப் பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்தால், திருடன் வரும் நேரத்தில் சாவியைத் தேடவே நேரம் போய்விடும். தலையணைக்கு அடியில் தோட்டா நிரப்பி வைத்தால், முதலில் அதை எடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்கும். அது மட்டுமன்றி, தேர்தல் அறிவித்தவுடன் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கேட்கப்படுவார்கள். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16-ல் அறிவிக்கப்பட்டது, முடிவு ஜூன் 4-ல் வந்தது. அதாவது, நகைக்கடைகளில் கூட்டம் அலைமோதும் அட்சய திருதியை அந்த ஆண்டு அந்த இடைவெளியில்தான் வந்துபோனது.

நம் ஊர்க் கொள்ளைகளின் தன்மையையும் பார்க்கவேண்டும். பெரம்பூரில் நடந்தது ஆளில்லாத கடைக்குள். அங்கே முதலாளியின் பெயரில் எத்தனை உரிமம் இருந்திருந்தாலும் ஷட்டருக்கு அது தெரிந்திருக்காது. 2022 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் ஒரு நகைக்கடன் நிறுவனத்திலிருந்து 30 கிலோவுக்கு மேல் தங்கம் கொள்ளைபோனபோது, காவலாளிக்குக் குளிர்பானத்தில் மயக்க மருந்து கொடுக்கப்பட்டதாகவும், திட்டமிட்டவர் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்றும் காவல்துறை கூறியது. சில நாட்களிலேயே நகைகள் மீட்கப்பட்டன. 2021 ஜனவரியில் ஓசூரில் இன்னொரு நகைக்கடன் நிறுவனத்துக்குள் துப்பாக்கிகளோடு புகுந்த கும்பல் சுமார் 25 கிலோ தங்கத்தைக் கொண்டுபோனது. மறுநாளே ஐதராபாத் அருகே பிடிபட்டார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தது நகைப் பைக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவி. இந்த நிகழ்வுகளில் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்தது எது என்று பார்த்தால், துப்பாக்கி எங்குமே இல்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2024 நவம்பரில் பல்லடம் அருகிலும், 2025-ல் சிவகிரி அருகிலும் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்தவர்கள் கொல்லப்பட்டபோது, கொங்குப் பகுதியில் பரவிய அச்சம் முற்றிலும் உண்மையானது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு வீடு இல்லாத இடத்தில், வந்தவன் பொருளோடு உயிரையும் எடுப்பான் என்ற நிலையில், ஆயுதம் வேண்டும் என்று ஒரு முதியவர் கேட்டால் அதை எளிதில் மறுத்துவிட முடியாது. ஆனால் அங்கே அவர் காக்க நினைப்பது உயிரை. உயிருக்கான வாதத்தை எடுத்து நகைக்குப் பொருத்துவதுதான் தவறு. தூரமும் தனிமையும் அந்த வாதத்துக்குப் பலம் தருகின்றன. வட சென்னையில் அந்த இரண்டுமே இல்லை. இங்கே ஒரு கூச்சல் போட்டால் நாற்பது பேர் வெளியே வருவார்கள். 2019 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் கடையம் அருகே, அரிவாளோடு வந்த இருவரை வயதான கணவனும் மனைவியும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் செருப்புகளையும் வீசி விரட்டிய காணொலியை நாடே பார்த்தது. அரசின் வீரதீர விருதும் கிடைத்தது. அந்த அம்மாவின் சங்கிலி போனது போனதுதான். இருவரும் உயிரோடு இருந்தார்கள், எவர் மீதும் கொலை வழக்கு இல்லை.

கூட்டம் வருவதில் வேறோர் ஆபத்து இருப்பதையும் சொல்லியாகவேண்டும். பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பது தற்காப்பில் சேராது. அவன் இறந்தால் அடித்த ஒவ்வொருவரும் கொலை வழக்கில் நிற்கவேண்டியிருக்கும். கண்ணெதிரே, வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க, ஜாமீனில் விடமுடியாத குற்றத்தைச் செய்தவனைப் பொதுமக்களே பிடிக்கலாம், ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு.

துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்க நினைக்கும் பணத்தை வேறு எதில் போடலாம் என்று கேட்டால், வழிகள் பல உள்ளன. கடை ஷட்டருக்கு சென்டர் லாக். அறுத்தாலோ அதிர்ந்தாலோ முதலாளியின் செல்போனுக்கு அழைப்பு போகும் அலாரம். பதிவுப் பெட்டியைக் கழற்றினாலும் காட்சி தப்பும்படி இணையத்தில் சேமிக்கும் கேமரா. கடைச் சரக்குக்குத் திருட்டுக் காப்பீடு. வீட்டு நகைக்கு வங்கி லாக்கர் நல்லது. அதன் வரம்பையும் தெரிந்துகொள்ளவேண்டும்: 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, கொள்ளை, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 3 லட்சம். மீதிக்குத் தனியே நகைக் காப்பீடு எடுக்கலாம். வெளியூர் போகும்போது பூட்டிய வீட்டின் விவரத்தைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டால் இரவு ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். ஒரு தெருவின் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஓர் இரவுக் காவலாளிக்கு நியாயமான சம்பளம் கொடுத்தால், அந்தத் தெருவில் கேஸ் கட்டரை இறக்கிவைத்து மணிக்கணக்கில் வேலை செய்ய எந்தக் கும்பலும் யோசிக்கும்.

ஜார்ஜ் டவுனின் பழைய குடும்பங்களில் தாத்தா பெயரில் எடுத்த துப்பாக்கி இன்னமும் பரண் மேல் கிடப்பதுண்டு. உரிமதாரர் இறந்தபின், அது காவலுக்கு இருக்கிறது என்று நினைத்து வைத்திருப்பதே குற்றமாகிவிடும். ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி அதைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளவேண்டும். வாரிசுகளில் ஒருவர் புதிதாக விண்ணப்பித்து உரிமம் பெறலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு முறைப்படி விற்றுவிடலாம். எடுத்துக்கொண்டு போகும்போது பழைய உரிமத்தையும் இறப்புச் சான்றிதழின் நகலையும் உடன் கொண்டுபோகவேண்டும். தோட்டா உள்ளே இருக்கிறதா என்று தெரியாவிட்டால் அதைக் கையால் தொடாமல், முதலில் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, துப்பாக்கியைக் கையாளத் தெரிந்த ஒருவரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும்.